கிரேவி இல்லாமல் ஒரு பன்

எங்கள் ஓபர்மையர் குடும்பத்தில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரரின் தானியக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தால், வேலியோரம் நின்று "இன்னிக்கு கொஞ்சம் கதகதப்பா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குவோம். ஒரு பண்டத்தை வாயில் வைக்க முடியவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்போம். சமைத்தவர் சொந்தக்காரராக இருந்துவிட்டால் அதுவும் கிடையாது. "பிரமாதம்" என்று சொல்லி, இன்னொன்றும் எடுத்துக்கொள்வோம்.

மேவிஸ் அண்ணியின் பன் இப்படித்தான் புகழ் பெற்றது.

மேவிஸ் என் அண்ணன் டெல்பர்ட்டின் மனைவி. கல்யாணமான வருடம், நன்றித் திருநாள் விருந்துக்குத் தன் கையாலேயே பன் சுட்டு, கட்டம் போட்ட துணியில் மூடிக் கூடையில் கொண்டுவந்தாள். புதுப்பெண் மனம் நோகக் கூடாது என்று எல்லாரும் பிரமாதம் என்றோம். செய்த தவறு அவ்வளவுதான். அன்று முதல் இருபது வருடங்களுக்கும் மேலாக, ஒவ்வொரு நவம்பரிலும் நான்காவது வியாழக்கிழமை அந்தக் கூடை வந்துகொண்டிருக்கிறது.

அண்ணி சுத்தக்காரி. அவள் சமையலறையில் ஈக்குக்கூட காலைத் துடைத்துவிட்டு வரத் தோன்றும். பிசையும்போது மாவு கையில் ஒட்டுவது அவளுக்குப் பிடிக்காது. ஒட்டினால் இன்னும் ஒரு கை மாவு தூவுவாள். பிறகும் ஒட்டினால் இன்னும் ஒரு கை. கடைசியில் கைக்கும் மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஆனபிறகுதான் உருட்டுவாள். அந்த உருண்டை ஓவனுக்குள் எந்த அளவில் போகிறதோ அதே அளவில் வெளியே வரும். நிறம் மட்டும் மாறும்.

அதைச் சாப்பிட எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் மசித்த உருளைக்கிழங்கில் ஒரு குழி தோண்ட வேண்டும். அதில் வான்கோழிக் கிரேவியை நிரப்பி, பன்னை அதில் புதைத்துவிட்டு, மக்காச்சோள விளைச்சலைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். பேச்சு முடிவதற்குள் பன் ஓரளவு மனம் மாறியிருக்கும். முன்பெல்லாம் மேஜைக்கடியில் லொரெய்ன் அக்காவின் நாய்க்குப் போட்டுப் பார்த்தோம். அது சில வருடம் வாங்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் புதைத்தது. இப்போதெல்லாம் கட்டம் போட்ட துணியைக் கண்டாலே கார் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. அந்த வீட்டிலேயே மனசாட்சிப்படி நடக்கும் ஒரே ஜீவன் அதுதான்.

போன வருடம் அக்காவின் மகன் கிளின்ட், நியூஜெர்சியிலிருந்து ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். பெயர் ஜியானா. நல்ல பெண்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் உள்ளவள். வந்த வாரமே எங்கள் பாதிரியார் "பிரசங்கம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று வாசலில் நின்று எல்லாரிடமும் கேட்பதுபோல் இவளிடமும் கேட்டுவிட்டார். "பாதியிலயே முடிச்சிருக்கலாம் ஐயா" என்றாள். அன்றிலிருந்து அவர் வாசலில் நிற்பதில்லை.

விருந்தன்று காலை நான் வழக்கம்போல ஐஸ் மூட்டையோடு அக்கா வீட்டில் போய் இறங்கினேன். எங்கள் வீட்டில் கல்யாணமாகாதவனை நம்பிக் கொடுக்கும் பொருள் ஐஸ் ஒன்றுதான். சமையலறையில் அக்கா வான்கோழியின் மேல் உருகிய கொழுப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம், துணி மூடிய ஒரு தட்டு இருந்தது.

"அது என்னக்கா?"

"ஜியானா பன் பண்ணியிருக்கா" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

"யாரு சொன்னா அவகிட்ட?"

"யாரும் சொல்லல. அதான்டா பிரச்சனை. அவளாவே பண்ணிட்டா."

துணியைத் தூக்கிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும், மசித்த கிழங்கும், பாலும், வெண்ணெயும் போட்டுப் பிசைந்த மாவாம். உருண்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உப்பியிருந்தன. விரலால் தொட்டேன். குழந்தையின் கன்னம்போல உள்ளே போய், மெல்லத் திரும்பி வந்தது. அவசரமாகத் துணியை இழுத்து மூடினேன்.

சற்று நேரத்தில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். சூடாக இருக்கட்டும் என்று இங்கேயே சுடுவதற்காக அண்ணி உருட்டிவைத்த மாவுத் தட்டையும் கூடையையும் உள்ளே வைத்த அண்ணன், ஜன்னலோரத் தட்டைப் பார்த்தான். அடுத்த நொடி என் சட்டைக் கையைப் பிடித்துக் கார் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். கடைசியில் தின்னும் பூசணிப் பை பலகாரத்துக்கும் பீர் பெட்டிக்கும் நடுவில் நாய் ஏற்கனவே வந்து படுத்திருந்தது.

"டேய் வெண்டல், ஏதாவது பண்ணுடா."

"நான் என்னண்ணே பண்றது? நான் ஐஸ் கொண்டுவர்றவன்."

"அந்தப் பொண்ணு பன்ன ஒரு வாய் சாப்பிட்டா மேவிஸுக்கு எல்லாம் புரிஞ்சிரும்டா. இத்தன வருஷமா நான் சொன்னதெல்லாம் பொய்யினு தெரிஞ்சிரும். நீங்கல்லாம் சாப்டுட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் அவகூடதான்டா வீட்டுக்குப் போகணும்!"

"முதல் வருஷமே உண்மையச் சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

நான் நாயைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

அண்ணன் ஒரு திட்டம் வைத்திருந்தான். வான்கோழியை வெளியே எடுத்து அலுமினியத் தாள் மூடி ஆறவைக்கிற கொஞ்ச நேரம்தான் ஓவன் காலியாக இருக்கும். பன் சுடுவது அப்போதுதான். மேவிஸின் தட்டை முதலில் உள்ளே தள்ளிவிட்டால், ஜியானாவின் மாவு வெளியே காத்திருந்து, பொங்கிப் பொங்கிக் கடைசியில் அமுங்கிவிடும். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

ஓவனைத் திறந்ததும் அண்ணன் குறுக்கே போய் நின்றான். "அக்கா, ஒரு தட்டுக்குத்தான் எடம் இருக்கும்போல."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போகும். தள்ளுடா."

"சூடு பத்தாம போயிருமேன்னு பார்த்தேன்."

"என்னைக்குடா நீ ஓவன் சூட்டப் பத்திக் கவலப்பட்ட?"

இரண்டு தட்டும் உள்ளே போயின. இரண்டும் வெளியே வந்தன. ஜியானாவின் பன்கள் தட்டின் விளிம்பைத் தாண்டி எழுந்து, பொன் நிறத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. அவள் மேலே வெண்ணெய் தடவியதும் வீடு முழுக்க ஒரு மணம் பரவியது. கொட்டகையிலிருந்த நாய் எழுந்து வாசலுக்கு வந்தது. மேவிஸ் அண்ணியின் பன்கள் அமைதியாக, இட்ட இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் உட்கார்ந்திருந்தன.

அண்ணி இரண்டையும் பார்த்தாள். அண்ணி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"பாவம்டா அந்தப் பொண்ணு. இப்படி ஊதிப்போச்சே. உள்ள வெறும் காத்துதான் இருக்கும்."

"இருக்கும் அண்ணி" என்றேன். "வித்தியாசமாத்தான் இருக்கு."

மேஜையில் உட்கார்ந்ததும், ஒவ்வொருவராக எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்லும் சடங்கு. அக்கா நல்ல மழைக்கு நன்றி சொன்னாள். கிளின்ட் மனைவிக்கு நன்றி சொன்னான். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். "என் மேவிஸுக்கும், அவ பன்னுக்கும்" என்றான். குரல் தழுதழுத்தது. பயத்தில் என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பாத்திரங்கள் இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கின. அண்ணியின் கூடை முதலில் வந்தது. ஆளுக்கொன்று எடுத்தோம், குழி தோண்டினோம், புதைத்தோம். பின்னாலேயே ஜியானாவின் கூடை வந்தது. அண்ணன் அதை நெருப்புச் சட்டிபோல அடுத்தவரிடம் தள்ளினான். "எனக்கு எங்க வீட்டு பன்னே போதும்மா." அவன் எடுக்காதபோது நாங்கள் எப்படி எடுப்பது? வெண்ணெய் மணக்க மணக்க அந்தக் கூடை ஒவ்வொரு மூக்கின் கீழும் நின்று, போய், ஒன்றுகூடக் குறையாமல் ஜியானாவிடமே திரும்பி வந்தது.

அந்தப் பெண் கூடையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "ஏன் யாருமே எடுக்கல?" என்றாள்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மக்காச்சோளம் நினைவுக்கு வந்தது. பேசத் தொடங்கினோம்.

அப்போதுதான் அண்ணி முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "என்ன பழக்கம் இது?" என்றாள் அதட்டலாக. "புதுசா வந்த பொண்ணு ஆசையா பண்ணியிருக்கா. எப்படி இருந்தா என்ன? ஆளுக்கு ஒண்ணு எடுத்து, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? இங்க கொண்டா கண்ணு."

அண்ணிக்கு இவ்வளவு பணிவாக நாங்கள் என்றுமே கீழ்ப்படிந்ததில்லை. கூடை பாதி மேஜை சுற்றுவதற்குள் காலி. அக்கா இரண்டு எடுத்தாள். எப்போது வந்தது என்று தெரியவில்லை, நாய் என் காலடியில் இருந்தது.

அண்ணி ஒன்றைப் பிய்த்தாள். அது நூல் நூலாகப் பிரிந்தது, ஆவி வந்தது. வாயில் போட்டாள். மென்றாள். மெல்ல வேண்டியது அதிகம் இல்லாததால் விழுங்கினாள்.

அவள் கண் மேஜையைச் சுற்றி வந்தது. எல்லாத் தட்டிலும் அவளுடைய பன் கிரேவிக்குள் புதைந்து கிடந்தது. எல்லாக் கையிலும் ஜியானாவின் பன், கிரேவி இல்லாமல், பாதி கடிபட்டு இருந்தது.

"டெல்பர்ட்" என்றாள்.

"சொல்லும்மா."

"என் பன்ன எதுக்கு எப்பவும் கிரேவில முக்குற?"

"கிரேவி நல்லா இருக்கும்ல, அதான்."

"இத முக்கலயே."

அண்ணன் கையிலிருந்ததைப் பார்த்தான். அதை இப்போது முக்கினால் காலம் கடந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் முக்கினான்.

அண்ணி ஜியானாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பொண்ணே. என் பன் எப்படி இருக்கு?"

"அய்யோ" என்று கிளின்ட் முனகினான்.

"வாசன நல்லா இருக்கு அத்தை" என்றாள் ஜியானா. "ஆனா கல்லு மாதிரி இருக்கு. மாவு ரொம்ப அள்ளிப் போட்டுட்டீங்களோ?"

"போடலன்னா கையில ஒட்டுமே."

"ஒட்டணும் அத்தை. ஒட்டினாத்தான் மெத்துனு வரும்."

அண்ணி கணவனிடம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அதைவிட மோசமானதைச் செய்தாள். யோசித்தாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் வைக்கிற மாட்டுக்கறி?"

"அது நிஜமாவே நல்லா இருக்கும் மேவிஸ், சத்தியமா."

"பன்னுக்கும் சத்தியம் பண்ணியிருக்க. நீல கவுன்?"

அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"சர்ச்சுல என் பாட்டு?"

இந்தக் கேள்வி அண்ணனோடு நிற்கவில்லை. மேஜை முழுவதும் தலை குனிந்தோம். அக்கா நாப்கினை நான்காக மடித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்த ஜியானாவின் காலைக் கிளின்ட் மேஜைக்கடியில் மிதித்தான். நாய் கத்தியதிலிருந்து அவன் மிதித்தது எதை என்று தெரிந்தது.

அண்ணி எழுந்தாள். கிரேவிக் கிண்ணத்தை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தன் பன்கள் மீதமிருந்த கூடையைத் தூக்கி, இடப்பக்கமாகச் சுற்ற விட்டாள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. பிரமாதமா இருக்கும். நீங்கதானே சொன்னீங்க? கிரேவி இல்லாம சாப்பிடுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

சாப்பிட்டோம். வான்கோழி ஆறியது, பூசணிப் பை காத்திருந்தது, மென்றோம். இந்த முறை மக்காச்சோளத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் ஒழியவில்லை. ஜியானாவுக்கு மட்டும் விலக்கு. "நீ சாப்பிட வேண்டாம் கண்ணு, நீ உண்மையச் சொல்லிட்ட" என்று அவளுக்குத் தன் கையாலேயே கிரேவி ஊற்றினாள் அண்ணி.

அண்ணன் அன்று எப்படி வீட்டுக்குப் போனான் என்று கேட்காதீர்கள். காரில் போகும் வழி நெடுக அண்ணி பாடிக்கொண்டே வந்தாளாம். ஊர் எல்லை வந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்டாளாம். அவன் என்ன சொன்னான் என்பதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

இந்த வருடமும் நவம்பர் வந்தது. கட்டம் போட்ட துணியும் வந்தது. நாய் கார் கொட்டகைக்குப் போனது. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டோம், கடைசியாக ஒரு தடவை.

கூடை என்னிடம் வந்தது. எடுத்தேன். என் விரல் உள்ளே போனது.

பிய்த்தேன், நூல் நூலாக வந்தது. வெண்ணெயும் கிழங்கும் மணந்தன. அண்ணியின் கையைப் பார்த்தேன். அந்தச் சுத்தக்காரியின் நகத்தோரம் காய்ந்த மாவு ஒட்டியிருந்தது.

"அண்ணி, பிரமாதம்!" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லை மனதாரச் சொன்னேன்.

"போடா பொய்க்காரா" என்றாள்.

"இல்ல மேவிஸ், நிஜமாவே" என்றான் அண்ணன். கண்ணில் நீர்.

"நீ பேசாத."

அக்கா சத்தியம் செய்தாள். கிளின்ட் மூன்றாவதைத் தின்றுகொண்டே தலையாட்டினான். அண்ணி யாரையும் கண்டுகொள்ளவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, எதிரே இருந்தவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜியானா நிதானமாக மென்று, விழுங்கி, விரலைத் துடைத்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி அத்தை."

அண்ணியின் முகம் மலர்ந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக நாங்கள் ஊற்றிய புகழில் ஒருமுறைகூட அப்படி மலர்ந்ததில்லை. "அவ்வளவுதானா?" என்றாள். "வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"ஆமா ஆமா, உப்பு கம்மிதான்" என்றான் அண்ணன் அவசரமாக. "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள் அக்கா. "ரொம்பவே கம்மி" என்று நானும் சொல்லிவைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.