மாடசாமிக்குத் தெரியாத கோடு

"வாயைக் கழுவிட்டுப் பேசுடா! எங்கண்ணன் போட்ட பந்து ஒருநாளும் தவறினதில்ல!"

"அந்தக் காலத்துல தவறியிருக்காது அத்தே. இப்ப வந்து ஆடச் சொல்லுங்க. பத்து நிமிசத்துல மூச்சு வாங்கி உக்காந்துருவாரு!"

மாரியாயி அத்தையும் கடைசி வீட்டுச் சுரேசும் போட்ட சத்தத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் அத்தனையும் வாசலுக்கு வந்துவிட்டன. நான் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன். பக்கத்து வீடு, என்ன செய்வது?

மாடசாமி, அத்தையின் அண்ணன். பதுளை அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். எழுபத்தெட்டாம் ஆண்டு மண்சரிவில் போய்விட்டார். அன்று அவருடைய திவசம். இலையில் சோறு, கருவாடு, அவித்த முட்டை எல்லாம் படைத்து, காக்கைக்கு வைப்பதற்குள் இந்தச் சண்டை.

சுரேசுக்கு அந்த வாரம் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை பதுளையில் அவனுடைய கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்புக் கம்பனி ஒன்றிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அவர்கள் அணியில் இடம், கூடவே வேலை. வேலை கிடைத்தால்தான் விஜயலெட்சுமியைக் கட்டித் தருவேன் என்று அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். வந்த வரனையெல்லாம் அந்தப் பிள்ளை இவனுக்காகத் தட்டிக்கழித்த கதை, தேடிப் போகாமலே என் காதுக்கு வந்தது.

"உங்கண்ணன் வந்தா தின்னப் போறாரு?" என்று சொல்லி, இலையிலிருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

காக்கை தொடுமுன் படையலில் யாரும் கைவைக்கமாட்டார்கள். அத்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது; திட்டாமல் இருக்கத் தெரியாத மனுசி. இலையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, ஒம் பங்கத் தின்னுட்டான். சனிக்கிழமை நீயே போயி ஆடிக் காட்டு."

சனிக்கிழமை நாங்களும் போனோம். மத்தியானமே மைதானத்தில் மூடுபனி இறங்கியிருந்தது.

வளையத்துக்கு எட்டத்தில் வளைவாக ஒரு கோடு இருக்கும். அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, உள்ளே வந்து போட்டால் இரண்டு. வெளியிலிருந்து போடுவதில்தான் சுரேசுக்குப் பேர். அன்றோ பந்து கைக்கு வந்தவுடன் உள்ளே நடந்து வந்தான். இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளினான்.

"என்னடா, பூசணிக்காயா உருட்டுற?" என்று பையன்கள் சிரித்தார்கள். பந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஒன்றுகூடத் தவறாமல் விழ விழ, சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணன் இப்படித்தான் போடும்," என்றார் அத்தை என் பக்கத்தில். "அது இருந்த காலத்துல இந்தக் கோடெல்லாம் ஏது?"

கடைசிப் பந்து. சுரேஸின் அணி மூன்று புள்ளி பின்னால் இருந்தது. சுரேஸ் கோட்டுக்கு வெளியே தனியாக நின்றான்.

"அங்கேயே நின்னு போடுடா!" விஜயலெட்சுமியின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. அவளுடைய அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கால் மட்டும் கோட்டைத் தாண்டி நிதானமாக உள்ளே நடந்தது. பந்து வளையத்தில் படாமலே விழுந்தது. இரண்டு புள்ளி. ஒன்றில் தோற்றார்கள்.

"கை நல்ல கை," என்றார் கம்பனிக்காரர், காரில் ஏறும்போது. "ஆனா இந்தக் காலத்து ஆட்டம் தெரியலையே."

"காலு என் பேச்சக் கேக்கல," என்றான் சுரேஸ். யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன், வெளியே சொல்லவில்லை.

தை மாதமே விஜயலெட்சுமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்புத்தளையில் ஹார்ட்வெயார் கடை. நல்ல மனிதர், படியேறினாலே மூச்சு இளைக்கும். சுரேஸ் லுணுகலையில் பேக்கரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே பெண் எடுத்துக்கொண்டான். மாரியாயி அத்தையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு போய்விட்டார். எந்த முறையில் என்று கேட்காதீர்கள். அறுபது தாண்டிய மனுசி அவனை 'அண்ணே' என்று கூப்பிடுகிறாராம், அவனும் திரும்பிப் பார்க்கிறானாம். அந்தப் புதுப்பெண்ணுக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது. போன வாரம் சந்தையில் கண்டபோது, "நாத்தனாவுக்குத்தான் மீன் வாங்குறேன்" என்றாள்.