காப்புக் கட்டுன வாரம்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கும். அருப்புக்கோட்டையில ஒரு காலேஜுல, பகல்ல வேலைக்குப் போறவுகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்குறேன். நூல் மில்லு, சாயப்பட்டறை, லாரி செட்டுன்னு நாளெல்லாம் உழைச்சுட்டு வந்து உக்கார்ற ஜனம். இந்த இன்பராணி மேடம் கத்துனா காதுல வாங்கிக்கிட்டு, கத்தி முடிச்சதும் சிரிக்கும்.

இந்த வருசம் அவுகள வெளிநாட்டுக்குக் கூட்டிப்போயி படிக்க வைக்கிற மாதிரி ஒரு பாடத்திட்டம் போடச் சொன்னாக காலேஜுல. தண்ணியையும் மண்ணையும் கெடுக்காம தொழில் பண்றது எப்படிங்கிறதுதான் பாடம். இலங்கையில வவுனியாப் பக்கம் ஒரு காலேஜுகிட்டப் பேசி முடிச்சேன். நம்ம சீமை மாதிரியே காஞ்ச பூமி, ஊருக்கு ஊரு குளம். பக்கத்து ஆலையில சாயத்தண்ணியச் சுத்தம் பண்ணி மறுபடியும் சாயத்துக்கே ஊத்துறாக. காலையில ஆலை, வெயில் தாழ்ந்ததும் குளத்துக்கரை. உக்கார வச்சுச் சொல்ற பாடம் கொஞ்சந்தான். உழைக்கிற ஆளு ஃபேனுக்கடியில உக்காந்தா தூங்கிரும். பிள்ளைகள விட்டுட்டு வர்றவுக வீட்டுக்குப் பேசத் தனியா நேரம். எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் போட்டேன்.

தேதிதான் இழுத்தடிச்சுச்சு. வேலைக்குப் போறவுகளுக்குச் சேர்ந்தாப்புல லீவு கெடைக்கிறது பங்குனிப் பொங்கலுக்கு மட்டுந்தான். அந்த வாரத்தையே குறிச்சு வகுப்புல பெருமையா வாசிச்சேன். கைதட்டுவாகன்னு பாத்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாக.

"என்ன, ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கீக?"

லாரி ஓட்டுற மாரிக்கண்ணன் தலையச் சொறிஞ்சான். கடைசியில நாகஜோதி எந்திரிச்சா. "மேடம், அந்த வாரம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிருவாக. கட்டிட்டா வெளியூருல ராத் தங்கக் கூடாது."

நானும் இதே ஊருலதான் பொறந்தேன். பக்கத்து வீட்டுல வருசா வருசம் பாக்குறதுதான். நாம வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக, நமக்கென்னன்னு அது மண்டையில ஏறாமலே போயிருக்கு. அத ஒத்துக்கிட மனசு வரல, கோவந்தான் வந்துச்சு.

"ஒரு வருசம் தங்குனா ஆத்தா கண்ணக் குத்திருவாளாக்கும்? இம்புட்டு மெனக்கெட்டுப் போட்டு வச்சா காப்பாம், கத்திரிக்காயாம்!"

நாகஜோதி முகம் சுண்டிப் போச்சு. எல்லாரையும் விட இந்தப் பயணம் அவளுக்குத்தான் வேணும். பந்தல்குடிப் பக்கத்துக்காரி. சாயப்பட்டறையில கழிவுத்தண்ணித் தொட்டியில வேலை. அந்தத் தண்ணி போயி விழுகுறது அவ ஊரு கண்மாயில. ஆடு வாய் வைக்காது. வைகாசியில புதுத் தொட்டி கட்டப் போறாக. அதுக்குள்ள அந்த ஆலையப் பாத்துட்டு வந்து சரியாக் கட்ட வச்சிருவேன்னு மொதலாளிகிட்டச் சொல்லி வச்சிருந்தா. பாக்கலைன்னா பழைய மாதிரியேதான் கட்டுவாக.

"வவுனியாவுல வேற தேதி கொடுக்கலியா மேடம்?"ன்னா.

"கொடுத்தாக. பொங்கலு முடிஞ்ச பெறகு ஒரு வாரம். அது ஆகாது."

"லீவுக்காகவா? அதச் சரி பண்ணிரலாம். காப்புக் கட்டுனா ராத்தான் தங்கக் கூடாது, பகல்ல வேலைக்குப் போகலாம். பொங்கலுக்கு ஆளு வராம மானேஜரு தலையப் பிச்சுக்கிருவாரு. நாங்க அப்ப வந்து வேலை பாக்குறோம், பதிலுக்குப் பின்னால விடுங்கன்னா சந்தோசமா விட்டுருவாரு."

"அதானே!"ன்னு வகுப்பே சொல்லுச்சு. நான் தாள மடிச்சுப் பைக்குள்ள வச்சேன். நாகஜோதி விடல.

"ஏன் மேடம் ஆகாது?"

"அந்த வாரத்துல பெரிய வெள்ளி வருது."

ஏசு சிலுவையில உயிர விட்ட நாளு. எங்க கோயில்ல அன்னைக்கு மத்தியானத்துலருந்து மூணு மணி வரைக்கும் பட்டினியா இருந்து ஆராதனை. பாட்டு எடுத்துக் கொடுக்க முன்ன நிக்கிறது நாந்தான். அந்தக் கோயில விட்டு வேற எடத்துல நான் பெரிய வெள்ளிக்கு இருந்ததே இல்ல. அந்தத் தேதியப் பாத்ததுமே அடிச்சுட்டேன். யோசிக்கக்கூட இல்ல.

இப்ப அவ என்னையத் திருப்பிக் கேக்கலாம், ஒரு வருசம் போகலைன்னா உங்க சாமி கண்ணக் குத்திருவாரான்னு. கேக்கட்டும்னுதான் நின்னேன். அவ கேக்கல. கையில வச்சிருந்த புதுப் பாஸ்போர்ட்ட மஞ்சப் பைக்குள்ள திரும்ப வச்சா.

"ஐயய்யோ, பெரிய வெள்ளின்னா வேண்டாம் மேடம். அது உங்களுக்குப் பெருசுல்ல. அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருசம் தொட்டி கட்டி முடிஞ்சிருக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "வகுப்பு முடிஞ்சது, கெளம்புங்க"ன்னு எல்லாரையும் வெரட்டி விட்டேன்.

எங்க வீட்டுக்காரரு ஏசுவடியான்கிட்டச் சொல்லிப் பொலம்புனேன். அவுக சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே, "நீ பாடலைன்னா பெரிய வெள்ளி வராம நின்னுருமாக்கும்"னாக. தட்டப் புடுங்கிரலாமான்னு வந்துச்சு. ஆனா அவுக கை கழுவுறதுக்குள்ள, ரெண்டாவது தேதிக்கே வாரோம்னு வவுனியாவுக்கு மெயில் அனுப்பிட்டேன்.

சொன்னபடியே பொங்கலுக்கு எல்லாரும் பகல்ல வேலை பாத்தாக, ராத்திரி ஊருல கும்மியடிச்சாக. அப்புறம் கெளம்புனோம். அந்த ஆலையில நாகஜோதி தொட்டிய விட்டு நகரல. மணலு, கரின்னு எது மேல எதக் கொட்டுறது, எத்தன நாளைக்கு ஒருக்க மாத்துறதுன்னு அந்த ஆளுகள உண்டு இல்லைன்னு ஆக்கிட்டா. படம் புடிச்சு மொதலாளிக்குப் போன்ல அனுப்புனா. இப்படியே கட்டிருவோம்னு பதிலு வந்ததும் எல்லார்கிட்டயும் காட்டுனா, என்கிட்ட மட்டும் ரெண்டு தடவ.

பெரிய வெள்ளிக்கு அங்கயும் லீவு. அன்னைக்கு டவுனு சுத்திப் பாக்கலாம்னுதான் திட்டத்துல போட்டிருந்தேன். அவுகளை அனுப்பிட்டு, பக்கத்துல இருந்த சின்னக் கோயிலுக்குத் தனியாப் போயிக் கடைசி பெஞ்சுல உக்காந்தேன். தெரியாத முகம், தெரியாத ராகம். ஊரு நெனப்பாவே இருந்துச்சு, வாயத் தொறந்தா பாட்டு வரல.

பக்கத்துல யாரோ நகந்து உக்காந்தாக. பாத்தா நாகஜோதி. அவளுக்குப் பின்னால மாரிக்கண்ணன், அவனுக்குப் பின்னால மொத்த வகுப்பும், சட்டையத் தட்டிவிட்டுக்கிட்டு வரிசையா உக்கார்றாக.

"டவுனுக்குப் போகலியாடி?"ன்னு காதுக்குள்ள கேட்டேன்.

"நீங்க காப்புக் கட்டிருக்கீகள்ல மேடம். வெளியூருல எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?"

எனக்குக் கண்ணு ரெண்டும் ஒழுகிருச்சு. வழியில பாத்த டீக்கடைய எல்லாம் விடாத மாரிக்கண்ணன்கூட மூணு மணி வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல. அடுத்த பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சாக, நானும் எந்திரிச்சுப் பாடுனேன்.