நான் நடக்கவைத்த மனிதன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் போன கதை செய்த பாவத்துக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவன் நான். 2007 தீபாவளி மலரில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. பட்டாசு விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவன் ஸ்டெம் செல் ஊசி போட்டு எழுந்து நடப்பதாக ஒரு கதை எழுதி நிரப்பினேன். பாராட்டுகூட வந்தது.

பிறகு அச்சங்குளத்திலிருந்து வீரலட்சுமி வந்தார், கையில் அந்தப் பக்கத்தோடு. பட்டாசு ஆலை வெடியில் சுவர் மேலே சாய்ந்து முதுகு முறிந்து, அவர் கணவர் பெத்தணன் இரண்டு வருடமாகப் படுக்கை.

“அந்த டாக்டர் எங்கன இருக்காக, சார்?”

2

தொடக்கம், முதல் வரைவு: ஒருநாள் காலையில் பெத்தணனின் கட்டைவிரல் அசை—

அடித்துவிட்டேன். மறுபடியும் அதே புத்தி.

3

கற்பனை என்றேன். நம்பவில்லை. வெடியை அம்புட்டுச் சரியாக எழுதியவர் ஊசியை மட்டும் பொய்யாகவா எழுதுவார் என்று கேட்டார். (நியாயம்தானே?)

பல்கலைக்கழகத்தில் இதை ஆராயும் ஐஸ்வர்யாவிடம் போனில் பேசவைத்தேன். ஊசி போட்ட எலிகளில் சில காலை ஊன்றின*, சிலவற்றுக்குக் கட்டி வந்தது, மனிதருக்கு இன்னும் போடவில்லை, போடவும் மாட்டோம் என்றார் அவர்.

(*ஊன்றியதெல்லாம் நடந்தது ஆகாது. இதையும் அவரே சொன்னார்.)

வீரலட்சுமி பயப்படுவார் என்று நினைத்தேன்.

“பட்டாசுல புது மருந்துக் கலவைன்னா கொஞ்சமா வெளியில வச்சுக் கொளுத்திப் பாப்பாக. யாராச்சும் மொதல்ல கொளுத்தித்தான ஆகணும், சார்? அந்த மொத ஆளு எங்க வீட்டுக்காரரா இருக்கட்டும்.”

(கொளுத்துகிற ஆள் டாக்டர். இவர் வீட்டுக்காரர்தான் கலவை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

வெளியூரில் ஒரு தனியார் மருத்துவர், போடுகிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

4

முடிவு ஒன்று: பெத்தணன் நடக்கிறார். இதை எழுதினால் இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள்.

முடிவு இரண்டு: கட்டி வந்து... உயிரோடு இருக்கிற மனிதரைச் சாகிறதாக எப்படி ஐயா எழுதுவது?

இன்று வெள்ளிக்கிழமை. கடைசியாக ஒருமுறை தடுத்துப் பார்க்கலாம் என்று, அவர்களை மருத்துவரிடம் ஏற்றிப் போகும் வேனை அச்சக வாசலில் நிறுத்தச் சொன்னேன். வீரலட்சுமி டீ வாங்கப் போனார். பின்சீட்டில் படுத்திருந்த பெத்தணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“உங்க கதையில அந்த ஆளு, ஊசிக்கு முன்னாடி பயந்தானா, சார்?”

நான் அதை எழுதவே இல்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஊசியைப் போட்டுவிட்டேன்.

“எனக்கு வேண்டாம், சார். பயமா இருக்கு. அவகிட்டச் சொல்லிராதீக. தாங்கமாட்டா.”

வீரலட்சுமி டீயோடு வருகிறார். முகமெல்லாம் சிரிப்பு. நான் டீயை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். இதை வாசிக்கிற நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள். வேன் இன்னும் கிளம்பவில்லை.