பின் சீட்டுக்கு ஆள்

வண்டிகளுக்கு சீட் தைக்கிறவருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டும் அவர் மனைவி, லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் மலையெல்லாம் சுற்றப் போகிறாள். போகட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் பின்னால் உட்காரப்போவது அவருடைய கூடப்பிறந்த தங்கை! கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நாத்தனாருக்கு இடமாம்.

சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்துப்போட்டு இரண்டு பேரும் ஒரே சிரிப்பு.

"அண்ணி, இந்த வளைவு தாண்டினதும் டீ குடிக்கலாமா?"

"டீ என்ன, ஒரு தூக்கமே போட்டுட்டுப் போகலாம்."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தார். ஒருத்தியாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! போதாக்குறைக்கு, "பின் சீட்டை நல்லா மெத்துனு தைச்சுக் குடுங்க" என்று மனைவி வேலை வேறு ஏவினாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

பட்டறையில் கோபம் கைக்கு இறங்கியது. நல்ல ஃபோமை ஒதுக்கிவிட்டு, பழைய லாரி சீட்டிலிருந்து பிரித்த கெட்டி ஸ்பாஞ்சை உள்ளே அடைத்தார். முதல் மலை ஏறுவதற்குள் இடுப்பு கழன்று தங்கச்சி திரும்பி ஓடி வரட்டும்! மேலே போட்ட ரெக்சின் மட்டும் பளபளவென்று இருந்தது.

சீட்டை மாட்டியதும் மனைவி உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"இது சீட்டா, கருங்கல்லா? வேணும்னேதானே பண்ணீங்க?"

"ஆமா, பொறாமைதான், போ! என்னை ஏன் கூப்பிடல? நான் என்ன வேண்டாத மூட்டையா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். "ஏறுங்க."

ஊருக்கு வெளியே சாலை மேடேறி வளைகிற இடம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஐயோ, போச்சு என்று அவர் உடம்பு மொத்தமும் வலப்பக்கம் இழுத்தது. வண்டி தடுமாறி, ஓரத்துச் சரளையில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எப்பவும் இதே கதைதான். நான் சாயுற பக்கம் நீங்களும் சாயணும். மலையில இப்படி எதிர்ப்பக்கம் இழுத்தா ரெண்டு பேரும் பள்ளத்துலதான்."

"விழுந்துருவோம்னு பயமா இருந்துச்சு."

"உங்க தங்கச்சிக்கும் பயம்தான். ஆனா அவ என்னை நம்பிச் சாயுறா. நீங்கதான் என்னை நம்ப மாட்டேங்குறீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போக எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

இத்தனை நாளும் அவள் தன்னைக் கழற்றிவிட்டாள் என்றல்லவா புழுங்கிக்கொண்டிருந்தார்!

வீட்டு வாசலில் நின்ற தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணா, நான் வேணும்னா நின்னுக்கிறேன். நீ போயிட்டு வா."

"வேண்டாம்மா, நீயே போ. சீட்டைப் பிரிச்சு மறுபடி தைச்சுத் தரேன்."

"உனக்கு வருத்தம் இல்லையே?"

"இல்லாம? வயிறு பத்திக்கிட்டு எரியுது!" என்றார். "அவ எந்தப் பக்கம் சாயுறாளோ, அந்தப் பக்கமே சாஞ்சுக்கோ."