பால் கொட்டகையில் கட்டிய தொட்டில்கள்

வெண்சுண்ணக் குன்றுகள் பனியைப் போர்த்தி நிற்க, வெள்ளீயம் தோண்டிய குழிகளில் தேங்கிய நீர் விடியலின் முதல் ஒளியை வாங்கி மெல்ல வெளுக்க, ஈப்போ நகரின் வடக்கே, செமோர் ஊரைக் கடந்து செல்லும் செம்மண் பாதையின் இருமருங்கும் ரப்பர்ப் பால்மரங்கள் வரிசை பிறழாமல் நின்ற அந்த வைகறையை, அன்பிற்குரிய படிப்போரே, உள்ளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. வெயில் ஏறினால் மரம் பால் சுரப்பதை நிறுத்திவிடுமாதலால், இருள் பிரியுமுன்னரே தப்பு முழங்கும். ஆணும் பெண்ணும் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அணிவகுத்து, கங்காணி பெயர் கூவ விடை கூறி, தத்தமக்குரிய மரநிரைக்கு ஓடுவர். பெரட்டுக்கு வாராதவர்க்கு வேலையில்லை. வேலையில்லாதவர்க்கு லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் இடமுமில்லை.

அந்த லயத்தின் கடைசி அறையிலே, இருளாயி என்னும் இளம்பெண் தன் பச்சிளம் மகளை மார்போடு அணைத்து அமர்ந்திருந்தாள். சேலைத் தொட்டிலை இரு மரங்களுக்கிடையே கட்டி, மகவை அதிலிட்டுவிட்டு மரம் சீவச் செல்வதே அங்குள்ள தாய்மாரின் வழக்கம். சென்ற ஆண்டு, அவள் நிரையின் மறுகோடியில் நின்ற வேளையில் மழை கொட்ட, அத்தகைய தொட்டிலில் கிடந்து நனைந்து, காய்ச்சல் கண்டு அவள் தலைமகன் மாண்டான். இவளை மரத்தில் கட்டேன் என்று இருளாயி உறுதி பூண்டிருந்தாள். கணவனோ சித்தியவான் பக்கம் வேலை தேடிப் போனவன், திரும்பவில்லை. மகளைக் காத்தால் வீடு போகும். வீட்டைக் காத்தால் மகள் போவாளோ என்று அவள் தவித்தாள்.

இவ்விடரைத் தீர்க்க முன்வந்தவள் நல்லம்மாள். ஈப்போ மாதர் கழகம் ஒன்றின் சார்பில் வாரந்தோறும் தோட்டத்திற்கு வந்து ஏழையர் துயர் கேட்பவள். ஒரு வீட்டின் கண்ணீரைத் துடைத்த பின்னரே மறுவீட்டு வாயிலை மிதிப்பது என்பது அவள் கொள்கை. அக்கொள்கையில் அவளுக்குச் சிறிது பெருமையும் உண்டு. அவள் நேரே கங்காணி உடையப்பனிடம் சென்றாள்.

“பச்சப்புள்ளக்காரி அண்ணே. லயத்துக்குப் பக்கமா பாதி நிரை மட்டும் குடுங்க. நடுவுல ஓடியாந்து புள்ளையப் பாத்துக்குவா.”

“ஒரு ஆளுக்குத்தானே? சரி, நான் பாத்துக்கிறேன்,” என்றான் அவன். நல்லம்மாள் வெற்றிக் களிப்போடு ஈப்போ திரும்பினாள்.

மறுவாரம் நன்றிமொழியை எதிர்நோக்கி வந்தவளை, இடுப்பில் குழந்தையும் கண்ணில் கனலுமாக வழிமறித்தாள், அடுத்த அறைச் செல்லாயி.

“நீங்க புண்ணியம் கட்டிக்கிட்டீங்க அக்கா, பாரம் என் தலையில எறங்கிருச்சு! அவ விட்ட பாதி நிரைய கங்காணி எனக்குக் குடுத்துட்டாரு. எம்புள்ளய மரத்துல கட்டிட்டு மேட்டுக்கு ஓடுறேன். மழை வந்தா யாரு பாக்குறது?”

இதைக் கேட்டு வெளியே வந்த இருளாயியின் முகம் வெளிறியது. “எம்புள்ளைக்குப் பதிலா அவ புள்ள நனையவா? வேணாங்கக்கா. நாளைக்கு நானே முழு நிரைக்கும் போறேன்,” என்றாள்.

நல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. ஒருத்தியின் சுமையை இறக்கியதாக எண்ணி, இன்னொருத்தியின் தலைக்கு அதை மாற்றியிருக்கிறாள்! நாணத்தால் சிவந்த அவள் முகத்திலே, மறுகணமே புத்தொளி ஒன்று பரவியது. லயத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கைக்குழந்தையோடு தாய்மார் ஒவ்வொருவராக வெளிவர, வாசலே நிறைந்துபோயிற்று. இத்தனை நாளும் ஒவ்வொருத்தியும் தன் தலைவிதி என்று தனியே அழுத அழுகை, ஒரே அழுகையாக அங்கே கூடி நின்றது.

“மழை படாத எடம் இந்தத் தோட்டத்துல எது?” என்று கேட்டாள் நல்லம்மாள்.

“பால் நிறுக்குற கொட்டகதான்,” என்றாள் செல்லாயி. “நிறுவ நேரம் வரைக்கும் அது சும்மாத்தான் கெடக்கு.” சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; சிரிப்பு வாசலெங்கும் பற்றிக்கொண்டது.

மறுநாள் தப்பு முழங்குமுன், பால் கொட்டகையின் உத்தரங்களிலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. நடுவே, இரவு லயத்திலேயே தங்கிவிட்ட நல்லம்மாள் காவலிருந்தாள். தாய்மார் ஒருவர் தவறாமல் பெரட்டில் நின்று விடை கூறிச் சென்றனர். நிறுவை வேளையில் வந்த உடையப்பன் திகைத்துப்போனான்.

“என்னம்மா இது? தொரை வர்ற நேரம்! எல்லாத்தையும் அவுருங்க!”

“நீங்களே அவுத்துக்குங்க அண்ணே. ஆனா அவுத்தவங்கதான் ஆட்டணும்.”

சினங்கொண்டு அவன் ஒரு முடிச்சில் கைவைக்க, உள்ளே உறங்கிய குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று கொட்டகையே அலறியது. பதறிப்போன கங்காணி வலக்கையால் ஒன்றும் இடக்கையால் ஒன்றுமாக ஆட்டிக்கொண்டு, “ஆராரோ” என்று முனகிய அந்நேரம் பார்த்துத் தோட்டத்து மேலாளரான வெள்ளைக்காரத் துரை வாயிலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், இடையிடையே தொட்டிலுக்கு ஓடும் தொல்லையின்றி வேலை முடித்த தாய்மார், வழக்கத்திற்கு முன்னதாகவே வாளி நிறையப் பாலோடு வந்துகொண்டிருந்தனர். துரை வாளிகளைப் பார்த்தான், கங்காணியின் கைகளைப் பார்த்தான், அடக்கமாட்டாமல் சிரித்தான்.

“கங்காணி! இங்கே பால் நிறுக்கணும். புள்ளைக்கு வேற கொட்டகை போடு, சீக்கிரம்! பாக்க ஒரு ஆளும் போடு!”

தாய்மாரின் ஆரவாரம் குன்றுகளில் மோதித் திரும்பியது. செல்லாயி தன் நிரை போகக் கூடுதலாய் வந்த பாதி நிரையை இருளாயிக்கே திருப்பித் தருவதாகக் கூவினாள். இருளாயி கண்ணீரோடு தலையசைத்தாள். பின்பு மகளை எடுத்துக்கொண்டு தலைமகனின் தொட்டில் தொங்கிய, மேட்டிலே நின்ற இரு மரங்களை நெடுநேரம் நோக்கினாள். எழப்போகும் கொட்டகை அவனுக்குக் கிட்டாத கூரை. எனினும், அவனை இழந்த தாயின் உறுதியால் எழும் கூரையும் அதுவே.

அடுத்த வாரம் வேறொரு தோட்டத்தில், வேறொரு தாய் தன் குறையைச் சொல்லித் தேம்பினாள். நல்லம்மாள் அவள் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கடமையை அவள் என்றும் விட்டதில்லை. ஆயினும், துடைத்த கையாலேயே அவளைப் பற்றி எழுப்பினாள்.

“வாம்மா, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டுவோம்.”