கிழக்கே முனீஸ்வரி, மேற்கே சுருளியம்மாள்

தேவாரம் பக்கத்திலுள்ள அந்தச் சிற்றூரில் பஸ் ரோட்டுக்குக் கிழக்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, மேற்கே இன்னொன்று. எது உசத்தி என்று பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும். கிழக்கில் கக்கூஸ் உண்டு. சாவி தலைமையாசிரியர் இடுப்பில். மேற்கில் கம்ப்யூட்டர் உண்டு. ஆயுத பூஜைக்கு மட்டும் துணியை விலக்கிப் பொட்டு வைப்பார்கள். சத்துணவு முட்டை எங்கே பெரிது என்றுகூட அடிதடி நடந்திருக்கிறது. இரண்டிலும் கணக்கு வாத்தியார் கிடையாது. அதை மட்டும் எவனும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

2003இல், பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளியைப் பத்தாவது வரை உயர்த்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. முத்துலட்சுமிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிழக்குப் பள்ளியில் எட்டாவது படிக்கும் மகள் முனீஸ்வரி கெட்டிக்காரி. ஆனால், "வயசுக்கு வந்த பிள்ளய பஸ்ஸுல அனுப்பி ஊரு வாயில விழ என்னால ஆகாது" என்று புருஷன் கருத்தக்கண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். உள்ளூரில் ஒன்பதாவது வந்தால்தான் அவளுக்குப் படிப்பு.

கிழக்குப் பள்ளிக்குப் பெற்றோர் கழகத் தலைவர், கருத்தக்கண்ணனின் அண்ணன் சுந்தரலிங்கம். மேற்குக்கு முத்துலட்சுமியின் அண்ணன் சுருளிராஜன். இந்த இரண்டு தலைவர்களின் பிள்ளைகளும் வேன் ஏறி உத்தமபாளையத்து இங்கிலீஷ் பள்ளிக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் சுருளிராஜன் வந்தான்.

"ஆத்தா, காதுகுத்துல பிள்ளய என் மடியில வச்சு நான் விட்ட பேரு சுருளியம்மாள்தான? அந்தப் பேர எங்க பள்ளிக்கூடத்துல எழுதிக்கிறேன். தலை எண்ண அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் பிள்ள அங்கன வந்து உக்காந்தாப் போதும்."

தாய்மாமன் பேச்சைத் தட்ட முடியுமா? எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மகளுக்கு ஒன்பதாவது உண்டு என்று முத்துலட்சுமி தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். வீட்டுக்கு வீடு இதே சாமர்த்தியம் நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

அதிகாரி காலையில் கிழக்குப் பள்ளியில் பேர் கூப்பிட்டார். மேற்குக்கு இன்னொரு நாள்தான் வருவார் என்று ஊர் நினைத்தது. அவரோ இளநீர் குடித்துவிட்டு, மத்தியானமே ரோட்டைத் தாண்டினார். அதற்குள் பாதிப் பிள்ளைகள் சுவரேறிக் குதித்து மேற்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முத்துலட்சுமி ஜன்னலோரம் நின்று பார்த்தாள்.

"சுருளியம்மாள்."

"உள்ளேன் ஐயா."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "காலையில உன் பேரு முனீஸ்வரின்னுதானே சொன்னே?"

"அது கெழக்கால சார். இங்கன சுருளியம்மாள்."

பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதிகாரி மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சின்ன ஊரு சார். எல்லாரும் ஒரே சாடையா இருப்பாக," என்றார் தலைமையாசிரியர்.

உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊருக்குப் போனது. சேதி வந்த அன்று சுந்தரலிங்கம் வெடி போட்டார். "அவுகளுக்கும் கெடைக்கலேல்ல, அது போதும்." மேற்கிலும் அதே காரணத்துக்காக மிட்டாய் கொடுத்தார்கள். முத்துலட்சுமி வாசலில் நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஜூன் மாதம், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றது. ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கருத்தக்கண்ணனே மகளைக் கைகொடுத்து ஏற்றிவிட்டான்.

"பஸ்ஸுல போனா ஊரு பேசும்னீக. ஜீப்புல போனாப் பேசாதோ?" என்று கேட்டாள் முத்துலட்சுமி.

"இப்ப வேலைக்குல்ல போறா," என்றான் அவன்.