வளைந்த மூலைக்கு நேர்ப்பட்டி

கொத்தனாருக்குக் கோணல் என்றாலே ஆகாது. சுவரில் மாட்டிய காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் நேராக்கிவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் மனைவி சொன்னாள்:

"என்னங்க, இந்தத் துணியைக் கோணலா வெட்டிக் குடுங்க."

பேத்திக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து ஓரப்பட்டி மட்டும் பாக்கி. அதற்குள் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டு போயிற்று. விரல்கள் மிஷினில் துணியைத் தள்ளும், கத்தரிக்கோல் பிடிக்காது. ஓரத்துக்கு நீலக் கோடு போட்ட துணி. அதே துணியில் கொத்தனாருக்கு ஒரு சட்டையும் தைத்தாகிவிட்டது. தாத்தாவும் பேத்தியும் ஒரே துணியில் போட்டோ எடுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை.

ஆனால் மனைவியின் கவலை போட்டோ இல்லை, சம்பந்தியம்மா. அந்த அம்மாளும் தையல்காரி. எதைக் கொடுத்தாலும் முதலில் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பாள். மகள் கல்யாணத்தின்போது இவள் ராப்பகலாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்த மேசைவிரிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள். அந்தப் 'பரவாயில்ல' இன்னும் இவள் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"கோணலாவா?" என்றார் கொத்தனார்.

"மூலைக்கு மூலை மடிச்சு, அந்த மடிப்பு போற போக்குலயே வெட்டணும். கிராஸா இருந்தாத்தான் பட்டி இழுத்த இழுப்புக்கு வரும்."

"ரெண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமா வீணாகுமே! கோடெல்லாம் வேற சாஞ்சு நிக்கும். குடிச்சிட்டு வெட்டினதுன்னு சொல்வாங்க."

"நீங்க செங்கல்லைப் பாத்துக்குங்க. துணியை நான் பாத்துக்கறேன். சொன்னதை மட்டும் செய்ங்க." வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போனாள்.

அந்த வீட்டில் துணிக் கத்தரிக்கோல் அவர் கைக்கு வந்ததே பெரிய விஷயம். ஒருதரம் அதை எடுத்து சிமெண்ட் மூட்டையை வெட்டினார். அதற்குப் பல நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே இன்று பெயரெடுத்தே தீருவது என்று மட்டப்பலகையைக் கொண்டுவந்து துணிமேல் வைத்தார். துணியிலேயே நேர்கோடு ஓடுகிறது. அதை விட்டுவிட்டு யாராவது குறுக்கே போவார்களா? கோட்டை ஒட்டியே கத்தரியை விட்டார். நூல் பிடித்த மாதிரி வந்தது. எந்த வேலைக்கும் செங்கல் கொஞ்சம் கூடவே இறக்கி வைப்பது அவர் வழக்கம். அந்த வழக்கப்படி மிச்சத் துணியையும் விடாமல் பட்டியாக்கி அடுக்கினார்.

மனைவி எழுந்து வந்தாள். ஒரு பட்டியை எடுத்துப் போர்வை ஓரத்தில் வைத்தாள். நேராக இருந்த வரை அழகாகப் போயிற்று. மூலைக்கு வந்ததும் பட்டி சுருங்கி உதட்டைப் பிதுக்கியது.

"இந்த மூலையை யாருங்க வளைச்சது?"

கொத்தனார் திருதிருவென்று விழித்தார். அவரேதான். குழந்தைகள் ஓடும் வீட்டில் சுவர் மூலையைக் கூராக விட்டதே இல்லை அவர். 'குழந்தை மேல போடறது, குத்தக் கூடாது' என்று அடம் பிடித்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து நாலு மூலைக்கும் வளைவு போட்டுக் கொடுத்திருந்தார்.

"கடையில போய் இன்னும் கொஞ்சம்..."

"கடைசித் துண்டுன்னு சொல்லித்தான் குடுத்தான்."

"மூலைக்கு மட்டும் வேற துணி?"

"அப்புறம் அந்தம்மா புரட்டவே வேண்டாம், தூரத்துலயே தெரியும்." அவள் கண் கலங்கிவிட்டது. "அவ முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சிட்டீங்களே."

கொத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து புதுச் சட்டையை எடுத்து மேசைமேல் குப்புறப் போட்டார்.

"போட்டோ முன்னாலதானே எடுப்பாங்க?" என்றார். மூலைமட்டத்தை வைத்து, சாய்வுக்கோடு போட்டு, தன் முதுகைக் கோணல் கோணலாக வெட்டினார்.

முதுகில்லாத சட்டைக்கு மனைவி நாடா தைத்தாள். அதன்மேல் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு.

சம்பந்தி வீட்டில் வெயில் கொளுத்தியது. "கோட்டைக் கழட்டுங்க சம்பந்தி" என்று ஆளாளுக்கு உபசாரம். "பரவாயில்லை, எனக்குக் குளிருது" என்றார், காதோரம் வியர்வை வழிய. போட்டோ எடுத்தாயிற்று. பேத்தி அவர் மார்பிலேயே தூங்கிவிட்டாள்.

சம்பந்தியம்மா போர்வையைப் புரட்டினாள். ஓரமாகவே போன விரல் மூலையில் நின்றது.

"பக்கமெல்லாம் நேர், மூலை மட்டும் கிராஸ். துணி பத்தலையா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பேத்தி கோட்டை நனைத்தாள். மாப்பிள்ளை பதறி ஓடிவந்து குழந்தையை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, "விடுங்க மாமா" என்று கோட்டைப் பின்னாலிருந்து உருவிவிட்டார்.

பின்னால் பனியனும் இரண்டு நாடாவும்தான் இருந்தன. சம்பந்தியம்மா அந்த முதுகைப் பார்த்தாள், போர்வையின் மூலையைப் பார்த்தாள், மறுபடி முதுகைப் பார்த்தாள்.

"பத்தலதான்," என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தி. "மூலைக்குத் துணி குடுத்ததும் அவர், வெட்டினதும் அவர்."

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த தன் புருஷனைப் பார்த்தாள். "நீங்களும்தான் இருக்கீங்க. ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னா கண்ணு தெரியலைன்னுவீங்க." செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

அப்புறம் போர்வையை உள்பக்கம் மறைய மடித்துப் பேத்திக்கு விரித்தாள். "சம்பந்தி, எனக்கு இவ்வளவு சுத்தமா மூலை வராது" என்றாள், கொத்தனாரின் மனைவியிடம்.

யாரோ துண்டு கொண்டுவந்து நீட்டினார்கள். கொத்தனார் வேண்டாமென்று சொல்லிவிட்டு, முதுகை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டே நின்றார்.